விழிப்புணர்வு இருக்கட்டும், கோட்டு எங்கே?

சென்னையில இருந்தோ கோயம்புத்தூர்ல இருந்தோ நம்ம தோட்டத்துக்கு வர்ற நண்பர்கள், கத்தரிக்கு மருந்து அடிக்கிற ஆளைப் பார்த்தா ஒரு நிமிஷம் நின்னுடுவாங்க. முதுகுல 16 லிட்டர் டேங்க். இடுப்புல மடிச்சுக் கட்டின லுங்கி. மேல ஒரு பழைய சட்டை, வெயில் ஏறிட்டா அதுவும் இருக்காது. மூக்கைச் சுத்தி ஒரு துண்டு. காலுக்குச் செருப்பு கிடையாது. பார்த்துட்டு என் பக்கம் திரும்பி மெதுவாக் கேப்பாங்க: "ஏங்க, இவங்களுக்கெல்லாம் கொஞ்சம்கூட விழிப்புணர்வு இல்லையா?"

இந்த விழிப்புணர்வுங்கிற வார்த்தை மேல எனக்கு ரொம்ப நாளாக் கோபம். கேக்குறவங்க நல்ல மனசோடதான் கேக்குறாங்க, அதுல சந்தேகம் இல்லை. ஆனா அந்த ஒரு வார்த்தையில பழி முழுக்க டேங்க் சுமக்கிற ஆள் தலையில வந்து உட்கார்ந்துடுது. விக்கிறவன், செய்யறவன், அனுமதி கொடுத்தவன் எல்லாரும் கையைத் தட்டிவிட்டுட்டுப் போயிடலாம்.

நான் திருப்பிக் கேக்குறது இதுதான். அந்தப் பாட்டில்ல இருக்கிற சரக்கை முதன்முதலா ஒரு ஆய்வகத்துல ஒருத்தர் தயார் பண்ணியிருப்பார். கொஞ்சூண்டு, கண்ணாடிக் குடுவைக்குள்ள, குளுகுளு அறையில, புகையை மேல உறிஞ்சி வெளிய தள்ளுற கூண்டுக்கு முன்னாடி நின்னு. அவர் முழங்கால் வரைக்கும் கோட்டு போட்டிருப்பார், கையுறை, கண்ணாடி எல்லாம் இருந்திருக்கும். அவருக்கு விழிப்புணர்வு ஜாஸ்தி, எங்க ஆளுக்குக் கம்மி, அதனாலதான் இந்த வித்தியாசமா?

அப்படி நினைக்கிறவங்களுக்காகத்தான் ஆய்வகக் கோட்டைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லலாம்னு உட்கார்ந்தேன். விவசாயிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு யோசிக்க வேண்டாம். நான் படிச்சது பி.எஸ்சி. வேதியியல். தோட்டத்துக்குத் திரும்பி வர்றதுக்கு முன்னாடி இரண்டு வருஷம் ஒரு சாயப்பட்டறை லேப்ல வேலை பார்த்தவன். அங்க நாலு பேருக்கு இரண்டு கோட்டு. யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு. மத்த ரெண்டு பேர் காஸ்டிக் சோடாவையும் பெராக்சைடையும் சொந்தச் சட்டையோட அளப்போம்.

ஆய்வகக் கோட்டுன்னா சும்மா வெள்ளைச் சட்டை இல்லைங்க. ஒழுங்கான கோட்டுக்குக் கைப்பட்டன் வைக்க மாட்டாங்க, பிரஸ் பட்டன் வைப்பாங்க. மேல ஏதாவது கொட்டிட்டா ஒரே இழுப்புல பிரிச்சு எறியணும், ஒவ்வொரு பட்டனாக் கழட்டிக்கிட்டு நிக்க நேரம் இருக்காது. கை மணிக்கட்டு வரைக்கும் இருக்கும், ஓரத்துல இறுக்கமாப் பின்னல் வெச்சிருப்பாங்க, கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவுல தோல் தெரியக்கூடாது. நீளம் முழங்கால் வரைக்கும், ஏன்னா மேஜை மேல கொட்டுறது வழிஞ்சு வந்து விழுறது மடியிலதான். வெள்ளை ஏன்னா கறை பட்டா உடனே தெரியணும், வெளுத்துத் துவைக்க வசதியா இருக்கணும். இங்கிலாந்துல 1978ல ஆய்வகங்கள்ல நோய் தொத்தாம இருக்க ஒரு நடைமுறைத் தொகுப்பு வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் ஹோவி. முன்பக்கம் திறப்பே இல்லாம, கழுத்து வரைக்கும் மூடி, பக்கவாட்டுல பட்டன் போடுற கோட்டுக்கு இன்னைக்கும் 'ஹோவி கோட்டு'ன்னுதான் பேரு. கிருமி தெறிக்கிறது நெஞ்சுலதானே, அங்க எதுக்கு இடைவெளின்னு யோசிச்சிருக்காங்க. இப்படி ஒவ்வொரு தையலுக்கும் ஒரு காரணம் உண்டு.

துணி அதைவிட முக்கியம். பருத்தி எரிஞ்சா கருகும். பாலியெஸ்டர் எரிஞ்சா உருகும், உருகித் தோலோட ஒட்டிக்கும். நெருப்போட புழங்குற ஆய்வகத்துல சாதாரணப் பருத்திகூடப் பத்தாதுன்னு, நெருப்பைத் தாங்குற நோமெக்ஸ் மாதிரி துணியில கோட்டு தைக்கிறாங்க.

எங்க அக்கா மக ஒரு கல்லூரியில வேதியியல் படிக்குது. முதல் வாரமே "மாமா, லேப் கோட்டு வாங்கணும், 380 ரூபா"ன்னு வந்து நின்னுச்சு. காலேஜுக்குள்ளயே ஒரு கடை, அங்கதான் வாங்கணுமாம். கொண்டு வந்ததைத் தொட்டுப் பார்த்தேன். சல்லடை மாதிரி மெல்லிசு, வழவழன்னு அத்தனையும் பாலியெஸ்டர். முன்னாடி அஞ்சு கைப்பட்டன், நெஞ்சுல காலேஜ் பேரு நூல்ல பின்னியிருக்கு. புன்சன் பர்னர் முன்னாடி நிக்கப்போற புள்ளைக்கு உருகுற துணி! பேர் பின்னினதுக்கு ஆன செலவைத் துணியில போட்டிருக்கலாம். அதுவும் அந்தக் கோட்டு சாப்பாட்டு டப்பா இருக்கிற அதே பையிலதான் போகுது, அதே பையில வீட்டுக்குத் திரும்புது. "ஏம்மா, லேப்லயே ஒரு ஆணியில மாட்டிட்டு வரக்கூடாதா?"ன்னேன். "ஆணி இல்ல மாமா"ன்னுச்சு. மூணு வருஷப் படிப்புக்கு அவ்வளவு கட்டணம் வாங்குறவங்ககிட்ட அறுபது ஆணி இல்லை.

கோட்டு என்னங்கிறதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா இப்படித்தான் ஆகும். அழுக்கை வாசலுக்கு உள்ளேயே நிறுத்துறதுக்குன்னு வந்த துணி, கௌரவச் சின்னமாயிடுச்சு. காலேஜ் பக்கத்து டீக்கடையில போய்ப் பாருங்க, கோட்டோட நின்னு பஜ்ஜி சாப்பிடுற புள்ளைங்க எத்தனைன்னு. பெரிய ஆஸ்பத்திரி வாசல்லயும் அதே கதை. கோட்டு போட்டவங்க கேண்டீன்ல, பஸ்ல, செல்பியில. படிச்ச புள்ளைங்க, விழிப்புணர்வு இல்லாதவங்கன்னு அவங்களை யாரும் சொல்றதில்லை.

இந்தக் கௌரவம் வந்த வழியும் வேடிக்கையானது. ஒரு காலத்துல டாக்டருங்க கறுப்புக் கோட்டுதான் போட்டாங்க. ஈக்கின்ஸ்னு ஒரு அமெரிக்க ஓவியர் இருந்தார். அவர் 1875ல வரைஞ்ச 'கிராஸ் கிளினிக்' படத்துல அறுவைச் சிகிச்சை பண்ற டாக்டருங்க கறுப்பு உடுப்போட, கையில ரத்தத்தோட நிக்கிறாங்க. அதே ஆள் 1889ல வரைஞ்ச 'ஆக்னியூ கிளினிக்' படத்துல டாக்டருங்க எல்லாம் வெள்ளை. 14 வருஷத்துல மருத்துவம் கிருமியைப் பத்திப் படிச்சுக்கிட்டது, ஆய்வகத்துக்காரங்களோட உடுப்பை இரவல் வாங்கிக்கிட்டது. வெள்ளைன்னா அறிவியல், அறிவியல்னா நம்பலாம்னு ஜனங்க மனசுல பதிஞ்சது. அதுக்கப்புறம் பற்பசை விக்கிறவனும் ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு டிவியில வந்துட்டான்.

இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகள்ல 2007 வாக்குல ஒரு முடிவு எடுத்தாங்க: நோயாளிகளைப் பாக்குறவங்க முழங்கைக்குக் கீழ எதுவும் போடக்கூடாது, முழுக்கை வெள்ளைக் கோட்டு வேண்டாம்னு. கைக்கு ஓரம் கிருமியைச் சுமக்குதுங்கிற பயம்தான் காரணம். மரியாதை போயிடுமேன்னு சிலர் முனகினாங்க. ஆனா துணியோட வேலை என்னன்னு யோசிச்சு எடுத்த முடிவு அது, அந்த அளவுக்கு எனக்கு அவங்க மேல மதிப்பு உண்டு.

இப்ப விழிப்புணர்வுக்கு வர்றேன்.

2008 டிசம்பர் 29. லாஸ் ஏஞ்சலீஸ்ல இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், உலகத்துலயே பேர் போன வேதியியல் துறைகள்ல ஒண்ணு. ஷெரி சாங்ஜின்னு 23 வயசுப் பொண்ணு, ஆய்வக உதவியாளர். டெர்ட்-பியூட்டைல் லித்தியம்னு ஒரு சரக்கை ஊசிக்குழாய்ல உறிஞ்சி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. காத்துப் பட்டாலே தானாப் பத்திக்கிற சரக்கு அது. குழாயோட தண்டு வெளிய வந்துடுச்சு, சரக்கு சிதறிப் பத்திக்கிச்சு. அந்தப் பொண்ணு போட்டிருந்தது செயற்கை நூல் ஸ்வெட்டர். கோட்டு போடலை. 18 நாள் தீக்காயத்தோட போராடி, 2009 ஜனவரி 16ல இறந்துபோனாங்க.

இதுல நம்ம பேச்சுக்கு வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, அக்டோபர்ல, அதே ஆய்வகத்தைப் பல்கலைக்கழகத்தோட பாதுகாப்பு ஆளுங்களே வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. இங்க வேலை செய்யறவங்க கோட்டு போடறதில்லைன்னு எழுதியும் வெச்சிருக்காங்க. எழுதினதோட சரி.

எல்லாருமே பட்டம் வாங்கினவங்க. பாட்டில்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க, ஆங்கிலத்துல லேபிள் படிக்கத் தெரிஞ்சவங்க. அறையில ஏசி. கோட்டு போட்டா வேர்க்கும்னு சொல்ல முடியாது. அங்கேயே போடலை. விழிப்புணர்வு இருந்தா தானா வந்து உடம்புல ஏறிக்கிற பொருளாக் கோட்டு இருந்திருந்தா, அந்த அறையில எல்லார் உடம்புலயும் ஏறியிருக்கணுமே?

அதுக்கப்புறம் நடந்ததுதான் பாடம். "அந்தப் பொண்ணுக்கு விழிப்புணர்வு பத்தலை"ன்னு கேஸை மூடலை. ஆய்வகத்துக்குத் தலைமையா இருந்த பேராசிரியர் மேலயும் பல்கலைக்கழகம் மேலயும் குற்ற வழக்கே போட்டாங்க. பல்கலைக்கழகம் 2012ல பாதுகாப்பு நடைமுறையை மாத்துறோம்னு ஒத்துக்கிட்டு வழக்குல இருந்து வெளிய வந்தது. பேராசிரியர் மேல இருந்த வழக்கு 2014ல ஒரு உடன்பாட்டுல முடிஞ்சது. ஜெயிலுக்கு யாரும் போகலை, அது வேற விவாதம். ஆனா கோட்டு போடாததுக்கு யார் பொறுப்புன்னு கேட்டப்ப, சட்டம் விரலை நீட்டினது மேல பார்த்து.

அமெரிக்காவுல இன்னொரு விதி 1991லயே இருக்கு. ரத்தத்தோட புழங்குற ஆய்வகத்துல கோட்டு வாங்கிக் கொடுக்கிறது முதலாளி செலவு, துவைக்கிறது முதலாளி செலவு, கிழிஞ்சா மாத்துறதும் முதலாளி செலவு. வேலை முடிஞ்சு வெளிய போறதுக்கு முன்னாடி அதை அங்கேயே கழட்டிப் போட்டுடணும். வீட்டு வாஷிங் மெஷின்ல துவைச்சுக்கோன்னு தொழிலாளிகிட்டச் சொல்லக் கூடாது. நான் இதைப் படிச்சப்ப எழுந்துபோய்க் கிணத்தடியில கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எங்க ஊர்ல மருந்து அடிச்ச லுங்கி எங்க போகுதுன்னு நினைச்சுப் பார்த்தேன். வீட்டுக்குத்தான். அந்த அண்ணி அதே துவைக்கிற கல்லுல, அதே வாளியில, பள்ளிக்கூடத்துப் புள்ளையோட யூனிஃபார்மோட சேர்த்துத் துவைப்பாங்க. வெறுங்கையால. அண்ணன் மேல பட்ட நஞ்சுல அண்ணிக்கும் பங்கு, புள்ளைக்கும் பங்கு.

அந்த நஞ்சை நாங்க நஞ்சுன்னே சொல்றதில்லை பாருங்க, 'மருந்து'ங்கிறோம். 'மருந்துக்கடை', 'மருந்து அடிக்கிறது'. இந்தச் சொல்லை எங்களுக்கு யார் கத்துக் கொடுத்தாங்கன்னு யாராவது ஆராய்ச்சி பண்ணலாம்.

மருந்து அடிக்கிறப்ப என்ன நடக்குதுன்னு சிட்டி ஆளுங்களுக்குத் தெரியாது. மூக்கு வழியா உள்ள போகும்னு நினைப்பாங்க, அதனாலதான் "மாஸ்க் போடலையா"ன்னு கேக்குறாங்க. பெரும்பகுதி போறது தோல் வழியா. டேங்க் மூடியில கசிவு, குழாய் இணைப்புல கசிவு. முதுகுல இறங்கி, இடுப்புக்கு வந்து, லுங்கி மடிப்புல ஊறி அங்கேயே நிக்கும். 1971ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வெளியாச்சு. பாரத்தியான்கிற பூச்சிக்கொல்லி உடம்புல எந்த இடத்துத் தோல்ல எவ்வளவு வேகமா இறங்குதுன்னு மனுசங்க மேலயே அளந்து பார்த்தாங்க. முன்கைத் தோல்ல இறங்குறது 1னு வெச்சுக்கிட்டா, உள்ளங்கையில 1.3, நெத்தியில 4க்குக் கொஞ்சம் மேல, அக்குள்ல 7க்கு மேல, விரைப்பையில கிட்டத்தட்ட 12. கூச்சப்பட ஒண்ணும் இல்லைங்க, கணக்கு அது. டேங்க் கசியறது நேரா எங்க வந்து சேருதோ, அந்த இடம்தான் உடம்புலயே பெரிய வாசல். அதை மூடுறதுக்கு இருக்கிறது ஒரு ஈர லுங்கி.

துண்டு கட்டினா, சட்டை போட்டா போதாதான்னு கேப்பீங்க. தப்பான துணி போடறது சில நேரம் ஒண்ணுமே போடாததைவிட மோசம். ஈரமான பருத்தி, நஞ்சைத் தோலோட ஒட்டவெச்சு மணிக்கணக்கா வெச்சிருக்கும். இதுக்கும் ஆய்வகத்துல இருந்தே ஒரு சாட்சி இருக்கு. கேரன் வெட்டர்ஹான், அமெரிக்காவுல டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர், நச்சு உலோகங்களைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணவங்க. 1996 ஆகஸ்ட்ல டைமெத்தில் மெர்க்குரியோட வேலை செஞ்சப்ப ஒண்ணு ரெண்டு சொட்டு கையுறை மேல விழுந்தது. கையுறை போட்டிருந்தாங்க, புகை உறிஞ்சுற கூண்டுக்குள்ளதான் வேலை செஞ்சாங்க, அப்ப இருந்த முறைப்படி எதையும் விடலை. பின்னாடி சோதிச்சுப் பார்த்தா, அந்த லேடெக்ஸ் கையுறையை அந்தச் சரக்கு 15 வினாடிக்குள்ள தாண்டுது! 1997 ஜூன்ல இறந்துபோனாங்க. நல்ல விழிப்புணர்வு உள்ளவங்கதான். அவங்களுக்கே எந்தத் துணி, எந்த ரப்பர் எதைத் தடுக்கும்னு வேற யாராவது சோதிச்சுச் சொல்ல வேண்டியிருந்தது. எங்க அண்ணன் தன் துண்டைச் சோதிச்சு வெச்சிருக்கணும்னு எதிர்பார்க்கிறீங்க.

சட்டம் இல்லாம இல்லை. நம்ம நாட்டு 1971ம் வருஷப் பூச்சிக்கொல்லி விதிகள்ல இதுக்குன்னே 39வது விதி இருக்கு. பூச்சிக்கொல்லி ஊடுருவ முடியாத துணியில உடுப்பு, துவைக்கக்கூடியதா இருக்கணும், ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ், தொப்பி எல்லாம் எழுதியிருக்கு. அரை நூற்றாண்டு தாண்டிடுச்சு. இதைப் போட்டுக்கிட்டு மருந்து அடிச்ச ஒரு ஆளை எங்க பக்கத்துல நான் பார்த்ததில்லை. பாட்டிலோட ஒரு தாள் வரும், பல மொழியில, எறும்பு சைஸ் எழுத்துல. அதுலயும் கையுறை, கண்ணாடி படம் போட்டிருக்கும். பாட்டில்ல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு நாலுல ஒரு நிறம் இருக்கும், சிவப்புன்னா கடும் நஞ்சு. தாளைக் கொடுத்துட்டோம், நிறத்தைப் போட்டுட்டோம், எங்க கடமை முடிஞ்சதுங்கிறாங்க. படத்துல இருக்கிற கோட்டை யாரும் பாட்டிலோட கட்டி விக்கிறதில்லை.

நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு கம்பெனிக்காரங்க எங்க ஊர் மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. பின்னாடி பெரிய பேனர், அதுல வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பிடிச்சுச் சிரிக்கிறார். பிரியாணி போட்டாங்க. போறப்ப எல்லாருக்கும் ஒரு தொப்பி, ஒரு டீ-சர்ட். அரைக்கை டீ-சர்ட், கம்பெனி பேர் போட்டது. அடுத்த வாரம் பார்த்தா, எங்க பக்கத்துத் தோட்டத்துல அந்த டீ-சர்ட்டைப் போட்டுக்கிட்டுத்தான் ஒருத்தர் அதே கம்பெனி மருந்தை அடிச்சுக்கிட்டு இருந்தார். கோட்டு பேனர்லயே இருந்துடுச்சு, டீ-சர்ட் ஊருக்கு வந்துடுச்சு.

மகாராஷ்டிராவுல யவத்மாள் மாவட்டம். 2017ல பருத்திக்கு மருந்து அடிச்சவங்கள்ல 20 பேருக்கு மேல செத்தாங்க, நூத்துக்கணக்கானவங்க ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. அந்த வருஷம் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது, அடிக்கிறது மூஞ்சிக்கு நேரா வந்து விழும். அப்பவும் பேச்சுல பாதி எதைப் பத்தி? பாதுகாப்பு உடுப்பு போடலை, விவசாயிகளுக்கு விழிப்புணர்வு இல்லை. லாஸ் ஏஞ்சலீஸ்ல ஒரு உயிர் போனதுக்கு வழக்கு பேராசிரியர் வரைக்கும் போச்சு. இங்க இருபது உயிருக்கு, செத்தவங்க மேலயே குத்தம்.

"வெயில்ல அதைப் போட முடியாதுங்களே"ன்னு எங்க ஆளுங்களே சொல்லுவாங்க. சொல்றது நிஜம். சித்திரையில எங்க பக்கம் 38, 39 டிகிரி. பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கிட்டு ஒரு ஏக்கர் அடிச்சா நஞ்சுக்கு முன்னாடி வெயிலே ஆளைச் சாய்ச்சுடும். ஆனா அதுக்குப் பதில் "அப்ப வெறும் உடம்போட அடி"ங்கிறது இல்லைங்க. நெருப்புக்கு நோமெக்ஸ் கண்டுபிடிச்சாங்க, கிருமிக்கு ஹோவி கோட்டு தைச்சாங்க. வேலைக்குத் தகுந்த துணியைத் தேடறது ஆய்வகத்துக்காரங்களோட வேலை.

அதைச் சிலர் செஞ்சும் இருக்காங்க, அதைச் சொல்லலைன்னா நான் நேர்மையானவன் இல்லை. பெங்களூர்ல இன்ஸ்டெம்னு மத்திய அரசோட ஆராய்ச்சி நிறுவனம். நஞ்சு துணி மேல பட்டவுடனே அதை உடைச்சு வலுவிழக்க வைக்கிற மாதிரி துணியையே பதப்படுத்தியிருக்காங்க. 'கிசான் கவச்'னு பேர் வெச்சு 2024 டிசம்பர்ல வெளியிட்டாங்க. துவைச்சுத் துவைச்சுத் திரும்பப் போடலாம். விலை 4,000 ரூபாய்னு அறிவிச்சாங்க. வெள்ளைக் கோட்டு போட்டவங்க எங்களுக்கும் ஒரு கோட்டு தைக்கணும்னு நினைச்சிருக்காங்களே, அதுக்கு ஒரு கும்பிடு.

ஆனா அந்த 4,000 யாரோடது? எங்க பக்கம் மருந்து அடிக்க டேங்குக்கு 60 ரூபாய் கூலி. ஒரு செட்டு வாங்க 66 டேங்குக்கு மேல அடிக்கணும், சோத்துக்கு ஒரு பைசா எடுக்காம. அவர் வாங்கணும்னு சொன்னா அது கிண்டல். தோட்டக்காரன் வாங்கணும்னா, கொஞ்சம் நிலம் உள்ள என்னை மாதிரி ஆளு வாங்கலாம், வாங்கவும் வேணும். குத்தகைக்கு ஒரு ஏக்கர் ஓட்டி, தானே டேங்க் சுமக்கிறவன்? அவனுக்கு முதலாளி யாரு, தொழிலாளி யாரு?

சரக்கை விக்கிறவனைத்தான் முதலாளியா வெச்சுக்கணும்ங்கிறது என் கட்சி. லாபம் யாருக்குப் போகுதோ, கோட்டும் அங்கிருந்துதான் வரணும். சிவப்பு முக்கோணம், மஞ்சள் முக்கோணம் போட்ட சரக்கை விக்கிற கம்பெனி, ஊருக்கு இத்தனை செட்டுன்னு கூட்டுறவு சங்கத்துல வைக்கட்டும். டேங்கை வாடகைக்கு எடுக்கிறோமே, அதே மாதிரி உடுப்பை எடுத்து அடிச்சுட்டு அங்கேயே கழட்டிக் கொடுத்துடலாம். துவைக்கிறதும் அங்கேயே, கையுறை போட்ட சம்பள ஆளு துவைக்கட்டும். இதுக்கு பாட்டில் விலை ஏறும்னா ஏறட்டும். கத்தரிக்கா கிலோவுக்கு ஒரு ரூபா ஏறும்னா அதுவும் ஏறட்டும், நீங்க கொடுங்க.

"அதுக்கு இயற்கை விவசாயம் பண்ணலாமே"ன்னு அடுத்த கேள்வி தயாரா இருக்கும். நானும் அரை ஏக்கர் அப்படித்தான் பண்றேன். அந்தக் கத்தரிக்காயில பாதியில புழு ஓட்டை இருக்கும். சந்தையில அதைத் தொடுறதுக்கு ஆள் இல்லை. காம்பைத் திருகி, வெளிச்சத்துல உருட்டிப் பார்த்து, ஓட்டை இல்லாததாப் பொறுக்கிக் கூடையில போடறது நீங்கதான். அந்தப் பழக்கம் மாறட்டும், டேங்க் தானாச் சின்னதாகும். அது மாறுற வரைக்கும் டேங்க் சுமக்கிறவன் தோல் அவனோடதாவே இருக்கணும்.

இதைப் படிக்கிறவங்கள்ல ஆய்வகத்துல வேலை பாக்குறவங்க சிலர் இருப்பீங்க. உங்க கோட்டை யார் வாங்கினா, யார் துவைக்கிறா, வாசல்ல ஆணி இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இல்லைன்னா சண்டை போடுங்க. உங்களுக்கே கிடைக்கலைன்னா எங்களுக்கு எப்படி வரும்? பூச்சிக்கொல்லிக் கம்பெனியிலயே வேலை பாக்குறவங்களும் இருக்கலாம். உங்க மீட்டிங்ல 39வது விதியைப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க, டீ-சர்ட்டுக்கு ஒதுக்குற பணம் எவ்வளவுன்னும் சேர்த்துக் கேளுங்க.

எங்க ஊர் மருந்துக்கடையில கிசான் கவச் கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?"ன்னு கடைக்காரர் என்கிட்டயே கேட்டார். பேரை எழுதிக் கொடுத்துட்டு, எங்க தோட்டத்துக்கு அடிக்க வர்ற அண்ணனுக்குன்னு சொல்லிவெச்சிருக்கேன். ஒரு செட்டு பத்தாது, ரெண்டு. ஒண்ணு காயுறப்ப போடறதுக்கு இன்னொண்ணு வேணும். துவைக்கிறதுக்கு மோட்டார் ரூம் பக்கத்துல தனியா ஒரு தொட்டி கட்டியாச்சு, ஆணியும் அடிச்சாச்சு. சரக்கு எப்ப வரும்னு கடைக்காரருக்கே தெரியலை. ஆடிக் கத்தரிக்குள்ள வந்தாப் பரவாயில்லை.